கையில் கட்டிய தூரம்

"வெட்கமா இல்லையாடா உனக்கு? இன்னைக்குக் காலைல உன் வாட்ச் யார் கைல இருந்துச்சுன்னு உங்க அக்காகிட்ட நீயே சொல்லு!"

கண்ணாடிக் கடையின் பின்னறை அதிர்ந்தது. ஜன்னல் வெயில் மேஜைமேல் கிடந்த லென்ஸ்களில் பட்டு, சுவரில் குட்டிக் குட்டி நிலாக்களாக நடுங்கிக்கொண்டிருந்தது. லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த தம்பி தலையைத் தூக்கவில்லை. எதிரே, கண் பரிசோதிக்கும் அட்டையில் எழுத்துகள் மேலே பெரிதாகவும் கீழே போகப்போகப் பொடியாகவும் இருந்தன. அந்தக் கடைசி வரியைவிடச் சின்னவனாகிவிட்டிருந்தான் அவன்.

கத்தியவர் அவனுடைய அக்காவின் கணவர். கடைக்கு முதலாளி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அட்வெஞ்சர் ரேஸுக்குப் போகும் மூவர் அணிக்குக் கேப்டன். மலையேற வேண்டும், சைக்கிள் மிதிக்க வேண்டும், ஆற்றில் துடுப்புப் போட வேண்டும். இரவு முழுக்கத் தூக்கம் கிடையாது. மூவரும் சேர்ந்தேதான் எல்லையைத் தொட வேண்டும். ஒருவர் சுருண்டு விழுந்தால் மூவருக்கும் ஆட்டம் முடிந்தது.

"என்னடா சொல்றார் அத்தான்?" என்றாள் அக்கா. அணியின் மூன்றாவது ஆள் அவள்தான். ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் முடிந்து, நர்ஸ் உடுப்போடு நேராக வந்திருந்தாள்.

தம்பி சட்டைக் கையை மணிக்கட்டுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அவன் எங்க சொல்வான்? நான் சொல்றேன் கேளு. பேப்பர் போடுறவர் கைல! தெருமுனைல பாக்குறேன், அவர் மணிக்கட்டுல ஆரஞ்சுப் பட்டை மின்னுது. ஊர் உலகத்துல அந்தக் கண்றாவிக் கலர்ல வாட்ச் கட்டுறது உன் தம்பி ஒருத்தன்தான். அந்த மனுஷன் சைக்கிள் மிதிக்கிறார், மாடி மாடியா ஏறி இறங்குறார். இவன் போர்வைக்குள்ள படுத்துக்கிட்டே மலையேறுறான்!"

அக்காவின் முகம் சிவந்தது. "நிஜமாடா? இந்த வாரம் உன் வாட்ச் எண்ணிச் சொன்னதா நம்ம குரூப்ல நீ போட்ட ஓட்டக் கணக்கெல்லாம்..."

"இந்த வாரம் மட்டும்தான்க்கா."

"திங்கக்கிழமை சைக்கிள்?"

"அவர்."

"புதன்கிழமை மாடிப்படி?"

"அவர்தான்."

"நேத்து முதுகுல சுமையோட ஏறினேன்னு போட்டிருந்தியே?"

"நேத்து பேப்பர்கூட இணைப்பு புஸ்தகம் வந்துச்சு. அந்தச் சுமைதான்."

"அடப்பாவி! என் தம்பி அத்தானை எட்டிப் பிடிச்சுட்டான், ரெண்டு பேரும் அச்சு அசலா ஒரே வேகத்துல போறாங்கன்னு வார்டு முழுக்கப் பீத்திக்கிட்டேனேடா! ஷிப்ட் முடிச்சு சாயங்காலம் ஓடி ஓடி எனக்குக் கால்ல நகமே பேந்து போச்சு. நான் மட்டும் என்ன கேணச்சியா?"

"கெண்டைக்கால்ல தசை பிடிச்சுக்கிச்சுக்கா. ஒரு வாரம் ஓடவே கூடாதுன்னுட்டார் டாக்டர். அதைச் சொன்னா அத்தான் என்னைத் தூக்கிட்டு அவரோட ஃப்ரெண்டைச் சேர்த்துடுவார். ரெண்டு வருஷமா உங்க தண்ணி பாட்டிலைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே அலைஞ்சேன். இந்தத் தடவைதான் டீம்ல என் பேரு வந்திருக்கு." அவன் எழுந்து, ஒற்றைக் காலில் இரண்டு முறை குதித்தான். "பாருங்க, இப்ப சரியாயிடுச்சு. வேணும்னா தெருவுல ஓடிக் காட்டறேன்."

"உட்கார்றா!" என்றார் கேப்டன். "வலி யாருக்குத்தான் இல்ல? எனக்கு முதுகு பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. அதுக்காக ஏமாத்துறதா? நடு ராத்திரி, ஆத்து வேகத்துல படகு இழுத்துக்கிட்டுப் போகும். உங்க அக்கா கை ஓய்ஞ்சு உன்னைத் திரும்பிப் பார்ப்பா. அப்ப பேப்பர்காரர் வந்து கரை சேர்ப்பாரா?"

"அத்தானைப் பார்த்தாவது புத்தி வர வேண்டாமா?" என்றாள் அக்கா. "இவ்வளவு பெரிய கடையையும் பார்த்துக்கிட்டு, நான் இருட்டுல வேலைக்குக் கிளம்பறப்பவே ஷூ மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறாரேடா."

தம்பி மறுபடி முக்காலியில் உட்கார்ந்தான்.

அக்கா கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்றதுதான் சரி. தண்ணியில இறங்கினப்புறம் கூட வர்றவங்களைத்தான் நம்பணும். பொய்க் கணக்குக் காட்டினவங்க டீம்ல இருக்கக் கூடாது. என் தம்பியா இருந்தாலும் சரி, வேற யாரா இருந்தாலும் சரி."

"அப்படிச் சொல்லு!" கேப்டன் மேஜையில் ஓங்கித் தட்டினார். லென்ஸ்கள் குதித்தன, சுவரில் இருந்த நிலாக்கள் எல்லாம் ஒரு கணம் சிதறின.

தம்பி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரி அத்தான், நான் விலகிக்கறேன். ஆனா அந்தப் பேப்பர்காரரை மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க. ரொம்ப நல்ல மனுஷர். முதல்ல முடியவே முடியாதுன்னுதான் சொன்னார். நான்தான் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சிச் சம்மதிக்க வச்சேன்."

"நல்ல மனுஷரா?" கழுத்து நரம்பு புடைக்க, வாசலில் நின்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்க்கும்படி கேப்டன் கத்தினார். "ஆறு மாசமா தினம் காலைல தெருமுனைல நின்னு அவர் கைல என் வாட்சைக் கட்டிவிடறேன், வேற எவன் வாட்சையும் தொட மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணின மனுஷன்டா அவர்!"