அந்தச் சொல் வந்த வழி

எழுதி முடித்துவிட்டுக் கரும்பலகையிலிருந்து திரும்பினாள்.

கம்யூனிசம்.

பாயில் பன்னிரண்டு பெண்கள். எல்லோரும் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் லீவு. அதையும் சங்கத்துக்கு வந்து, தாங்கள் 'தோழர்' என்று கூப்பிடும் இவள் கையில் கொடுத்திருந்தார்கள்.

"லத்தீன்னு ஒரு பழைய பாஷை. அதுல கம்யூனிஸ்னா பொது. பிரெஞ்சுக்காரங்க ஊரை கம்யூன்னு சொன்னாங்க. அவங்க பாஷையிலதான் இந்தச் சொல்லு பிறந்தது."

புரியவில்லை என்று யாரும் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்தது.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. புத்தகத்தில் இல்லாததைச் சொன்னாள்.

"நம்ம ஊருணி மாதிரின்னு வச்சுக்கோங்க. அது யாருக்குச் சொந்தம்? ஊருக்கு. யார் வேணாலும் குடத்தை முக்கலாம்."

"ஊருணி செத்து ரெண்டு வருசமாச்சு," என்றாள் செங்கமலம். "இப்ப நம்ம தோழர் வீட்டுப் போருதான் கம்யூனிசம்."

"அந்த மோட்டாரும் கருகிப் போயி பத்து நாளாச்சுடி!" என்றாள் இன்னொருத்தி.

பாய் முழுக்கச் சிரிப்பு.

அவளும் சிரித்தாள். உதடு மட்டும்.

மோட்டார் கருகவில்லை.

அவள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து சுவருக்கு வெளியே நீட்டியிருந்த குழாயில்தான் தெருவே தண்ணீர் பிடித்தது. ஒருநாள் காலையில் தண்ணீரோடு காற்றும் சேர்ந்து வந்தது. புஸ், புஸ் என்று. போரில் தண்ணீர் வற்றுகிறது என்று அந்தச் சத்தமே சொன்னது. உள்ளே மாமியார் படுத்த படுக்கை. ஒரு நாளைக்கு மூன்று தடவை துணி அலசியாக வேண்டும்.

வெளிக்குழாயை அடைத்தாள்.

கேட்டவர்களிடம் மோட்டார் கருகிவிட்டது என்றாள்.

எல்லோரும் நம்பினார்கள். தோழர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இப்போது மோட்டார் மதியத்தில் ஓடுகிறது. தெரு மொத்தமும் வேலைக்குப் போன பிறகு. கால் மணி நேரம்.

அந்தப் பொய்யைக்கூட எப்படியோ பொறுத்துக்கொண்டாள்.

இன்று காலை கதவைத் திறந்தால் வாசலில் ஒரு குடம். லாரித் தண்ணீர். சிந்தாமலிருக்க மேலே நாலு வேப்பிலை. வகுப்புக்கு வரும் வேலுத்தாய் வைத்துவிட்டுப் போயிருந்தாள். விடியும் முன்னே வரிசையில் நின்று பிடித்த மூன்று குடத்தில் ஒன்று.

உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். வேறென்ன செய்ய?

நிரம்பிக் கிடந்த தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தோழர்."

வேலுத்தாய் எழுந்து நின்றாள். வகுப்பில் அவள் வாய் திறந்து யாரும் கண்டதில்லை.

"என் மருமகன் கருகுன மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுற வேலை பாக்கான். வாசல்ல நிக்கான். துட்டு வாங்கப்படாதுன்னு சொல்லிட்டேன். போர்ல இருந்து மோட்டாரை மேலே இழுக்க எட்டு ஆள் வேணுமாம். நாங்க பன்னெண்டு பேர் இருக்கோம்ல."

அதற்குள் பாயைச் சுருட்டிவிட்டார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்கள். யாரோ கயிறுகூடக் கொண்டு வந்திருந்தார்கள்.

"ஒரு இழுவையில வந்துரும் பாரு," என்றாள் செங்கமலம், பக்கத்தில் நின்ற குண்டுப் பெண்ணிடம். "நீ ஒருத்தி பிடிச்சாலே போதும். திங்கிற சோறு எங்க போகுது!"

மருமகன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையை உள்ளே நீட்டினான். பணிவான பையன்.

"கருகுன வாடை வந்துச்சா தோழர்? இல்ல, சும்மா நின்னு போச்சா?"

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். லத்தீன் என்றபோது எப்படிப் பார்த்தார்களோ, அப்படியே.

தேசம் தேசமாகச் சுற்றி வந்த சொல்லைத் தடுமாறாமல் சொன்னவள்.

இப்போது கயிற்றையே பார்த்தாள்.

"கயித்தைக் கீழ வச்சிருங்க," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "கயித்தை வச்சிட்டு எல்லாரும் உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

வகுப்பு இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவர்கள் பாயை மறுபடி விரித்தார்கள்.