ஒரு நாள் இரவல்

"அண்ணாச்சி, ஒரே ஒரு நாளைக்கு உங்க மில்லைக் குடுங்க. போர்டுல மட்டும் எம்பேரு இருக்கட்டும். சாயங்காலமே கழட்டிருதேன்" என்று தவசிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார் தனுஷ்கோடி.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களில் தவசிமுத்து ஒருவரிடம்தான் கிருமி நீக்கும் அறை இருந்தது. அது இல்லாதவருக்கு ஆர்டர் கிடையாது என்பது பெல்ஜியம் நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளின் டெண்டர் விதி. பரிசோதிக்க ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்திருந்தார். செவ்வாய்க்கிழமை தனுஷ்கோடி மில், புதன்கிழமை தவசிமுத்து மில். இந்த ஆர்டரும் கைவிட்டுப் போனால் பொங்கலுக்குள் தவசிமுத்து தறிகளை நிறுத்த வேண்டியதுதான்.

அப்படியும் மனிதர் சம்மதித்தார்.

"எடுத்துக்கோ. ஆபீஸ் சுவத்துல எங்கய்யா படத்தைக் கழட்டிட்டு உங்கய்யா படத்தை மாலையோட மாட்டு. அப்பத்தான் உன் மில்லு மாதிரி இருக்கும்."

தனுஷ்கோடிக்குக் கண் கலங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை தன் அப்பா படத்தையும் அதிகாரியிடம் காட்டி, தனுஷ்கோடி நல்லபடியாகச் சமாளித்துவிட்டார். சாயங்காலமே அவர் பெயர் போட்ட போர்டைக் கழற்றியாகிவிட்டது. படத்தை மட்டும் நாளைக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார் தவசிமுத்து. மானேஜர் கிருபாபாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நாளைக்கு நம்ம முறை முதலாளி. அவிய அய்யா படம் இங்க எதுக்கு?"

"அதப் பாத்தாத்தான், நேத்துப் பாத்த மில்லுல்லா இதுன்னு அவனுக்கு உறைக்கும். இரவல் மில்லைக் காட்டுனா டெண்டரை விட்டே தூக்கிருவாங்கன்னு நீதான வாசிச்சுச் சொன்ன?"

"மில்லு தரமாட்டேன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா ஸ்ரீவில்லிபுத்தூருல போய் வாங்கிருவான். அங்கன்னா மாட்டமாட்டான். இது யாரு மில்லுன்னு ஊருக்கே தெரியும்லா!"

கிருபாபாய்க்கு அருவருப்பாக இருந்தது.

புதன்கிழமை வந்த அதிகாரி, படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். வாடிய மாலையைத் தொட்டுப் பார்த்தார். பையிலிருந்து காகிதத்தை எடுத்து ஒரு பெயரைச் சிவப்பு மையில் அடித்தார். கிருபாபாயிடம் இங்கிலீஷில் படபடவென்று ஏதோ சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

தவசிமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இரவல் மில்லைக் கண்டுபிடிச்சிட்டானா?"

"கண்டுபிடிச்சிட்டாரு முதலாளி" என்று மெல்ல இழுத்தாள் கிருபாபாய்.

"தனுஷ்கோடி மில்லை, அவிய அப்பா படத்தைக்கூடக் கழட்டாம உங்க மில்லுன்னு காட்டுதீங்களேன்னு கேட்டுட்டுப் போறாரு."