சம்ப் வைத்த தொட்டி

"சத்தமே வராதுங்க பாய்," என்று மீன் கடைக்காரர் லிங்கசாமி அந்தக் கண்ணாடித் தொட்டியைத் தட்டிக் காட்டினார். "ஆல் இன் ஒன். ஃபில்டர், மோட்டார் எல்லாம் பின்னாடித் தடுப்புக்குள்ளயே இருக்குது. உப்புத் தண்ணி மீனுக்குப் புதுசா எறங்கறவங்களுக்கு இதுதானுங்க சரி."

முகமது ரபீக்குக்குப் பிடித்துவிட்டது. தூக்கிக்கொண்டு போய் வைத்தால் வேலை முடிந்தது.

"இதையே போட்டுருங்க."

"இருங்ணா," என்று கடைக்காரரைத் தடுத்தாள் ரபீக்கின் மனைவி ஷம்ஷாத். "அதென்ன, கீழயும் ஒரு தொட்டி?"

"அது சம்ப் வெச்சதுங்கம்மிணி. மேல இருக்கற தண்ணி கொழா வழியாக் கீழ் தொட்டிக்கு எறங்கும். அங்க சுத்தமானதும் மோட்டார் திரும்ப மேல தள்ளும். பெருசா வெக்கறவங்களுக்கு நல்லது. ஆனா எடம் அடைக்கும், வெலையும் ஜாஸ்தி."

"அதையே குடுங்க."

ரபீக் அவளை முறைத்தார். கத்திரிக்காய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிறவள் இவள்.

போன மாதம் பல்லடத்தில் தன் தங்கை இக்ரா வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். அங்கே ஹாலில் ஆள் உயரத்துக்கு ஒரு மீன் தொட்டி. வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். விஷயம் அதுதான் என்று ரபீக்குக்குப் பட்டது.

"நாலு மீன் விடறதுக்கு எதுக்கு இவ்வளவு பெருசு?"

"இருக்கட்டுங்க."

ரபீக்குக்கு நிலைகொள்ளவில்லை. வீட்டுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த நிட்டிங் மிஷின்களை நோன்புக்கு முன்னால் விற்றதிலிருந்தே இப்படித்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். எதையாவது பார்த்துக்கொண்டு இருக்கலாமே என்றுதான் மீன் யோசனையே வந்தது. அதிலும் இவளுக்குப் பகட்டு.

ஷம்ஷாத் இரண்டையும் ஓடவிடச் சொன்னாள். ஆல் இன் ஒன் பக்கத்தில் சும்மா நின்று நகர்ந்துவிட்டாள். சம்ப் வைத்த தொட்டிக்கு மட்டும் குனிந்து, காதைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மீன்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"மீன் வாங்க வந்தியா, மோட்டார் வாங்க வந்தியா?"

ஷம்ஷாத் இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

ரபீக் விருட்டென்று வெளியே வந்துவிட்டார். ஸ்கூட்டரில் உட்கார்ந்தார். எழுந்தார். அடிக்காத போனை எடுத்துப் பார்த்தார். தங்கச்சிக்குப் போட்டியா எம்பட ஊட்டுல ஒண்ணும் வேண்டாம்னு நேராகவே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு திரும்பவும் உள்ளே போனார்.

ஷம்ஷாத் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

"ஹால்ல எந்தப் பக்கம் வெக்கறதுங்கம்மிணி?" என்று லிங்கசாமி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஹால்ல இல்லீங்ணா. படுக்கற ரூம்ல. அவரு தலைமாட்டுல."

ரபீக் அப்படியே நின்றுவிட்டார். படுக்கையறைக்கு எந்த விருந்தாளி வரப்போகிறார்?

லிங்கசாமி தயங்கினார். "சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. ராத்திரி பூரா மோட்டார் எரையும், தண்ணி விழுந்துட்டே இருக்கும். பாயால தூங்க முடியாதுங்க."

"கீழ மிஷின் ஓடுன வரைக்கும் அந்த எரைச்சல்லதானுங்ணா தூங்குனாரு." ஷம்ஷாத்தின் குரல் இறங்கியது. "வித்த நாள்ல இருந்து விடிய விடிய முழிச்சுட்டுக் கெடக்கறாரு, நான் தூங்கிட்டேன்னு நெனச்சுட்டு."