வெல்லம் போடாத சாம்பார்

ராஜராணி ஆன்ட்டியின் நாற்காலியை யாராவது எடுத்தீர்களா என்று மேனேஜர் கேட்டதும், மேஜையில் இருந்த ஏழு பேரும் திருமூர்த்தி அங்கிளைப் பார்த்தார்கள்.

வெளியாட்களுக்குப் பதில் சொல்வது அவருடைய இலாகா.

அமெரிக்காவில் ஐசலின் என்ற ஊரில், நம்மூர்ப் பெரியவர்கள் பகல் பொழுதைக் கழிக்க வரும் டேகேர் அது. வருகைப் பதிவு முதல் பிங்கோ வரை எல்லாம் நான்தான் பார்க்கிறேன். தமிழ் மேஜையில் மட்டும் வேலுமணி அங்கிளின் ஆட்சி. கோபியில் தாசில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். டிவியில் என்ன சேனல், யார் பக்கத்தில் யார் உட்காரலாம், எல்லாம் அவர் உத்தரவு. தேர்தல் கீர்தல் எதுவும் கிடையாது.

அவர் வாயைத் திறந்தால் சண்டைதான் என்பதால், மற்ற மேஜைகளோடு பேச்சுவார்த்தைக்குப் போவது திருமூர்த்தி அங்கிள். 'அமைச்சர்' என்பது நாங்கள் வைத்த பட்டம். ஏதோ தீவு நாட்டில் பிறந்தவர், அங்கே கவர்ன்மென்ட் உத்தியோகம் பார்த்தவர் என்பதற்கு மேல் யாருக்கும் தெரியாது. புத்தகத் தமிழ் பேசுவார். தினமும் கோட்டுப் போட்டு வருவார்.

எதிலும் வெல்லம் போடும் குஜராத்தி சமையல்காரரிடம் பேசிப் பேசியே, புதன்கிழமைகளில் வெல்லம் போடாத சாம்பார் வாங்கித் தந்தவர். சாமானியக் காரியமில்லை.

போன புதன்கிழமை ராஜராணி ஆன்ட்டி, வெல்லம் போட்டதுதான் ருசி என்று சொல்லித் தொலைத்தார்.

தேசத் துரோகம். மறுநாள் அவர் நாற்காலியைக் காணோம். கேட்டால், உங்களுக்கு இங்கே நாற்காலியே இருந்ததில்லையே என்று எல்லோரும் ஒரே குரலில் சாதித்தார்கள். மூன்று நாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார். நானும் விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே இருந்துவிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆன்ட்டி வீட்டில் போய்ச் சொன்னதை மகள் மதுஷா நம்பவில்லை. அம்மாவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டி, அதற்கென்றே இருக்கும் ஹோமில் சேர்க்கும் ஃபாரத்தோடு இன்று வந்து நின்றாள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஆன்ட்டி, தாயின் முந்தானையைப் பிடித்திருக்கும் குழந்தை மாதிரி அவளோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

திருமூர்த்தி அங்கிள் எழுந்து கோட்டுப் பட்டனைப் போட்டார். வேலுமணி அங்கிள் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

"உங்கள் அம்மாவுக்கு மறதி இல்லை. நாற்காலியை எடுத்து ஒளித்தது நாங்கள்தான்."

மதுஷா அங்கேயே அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சாப்பாட்டு வேளைக்குள் அமைச்சர் பதவி பறிபோனது. அவர் பக்கம் யாரும் சாம்பாரை நகர்த்தவில்லை.

மாலையில் வேனுக்காகக் காத்திருந்தபோது, எப்படியாவது சமாளித்திருப்பீர்களே, ஏன் அங்கிள் உண்மையைப் போட்டு உடைத்தீர்கள் என்று கேலியாகத்தான் கேட்டேன்.

"எங்கள் தீவில் நான் நிஜமாகவே வெளியுறவு அமைச்சர், அம்மா. பதினோரு வருடம். காணாமல் போனவர்களைப் பற்றி வெளிநாட்டார் கேட்டபோதெல்லாம், அப்படி யாரும் எங்கள் நாட்டில் இருந்ததே இல்லை என்று சொன்னேன்."

எத்தனை பேர் என்று கேட்டேன்.

எண்ணிக்கை சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார்.

வேன் வந்து, மற்றவர்கள் எல்லோரும் ஏறி, டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தும் அவர் சொல்லி முடிக்கவில்லை.