சட்டத்துக்குக் கட்டுப்பட்ட திருகாணி

ரிப்பேர் கடை மேசையில் ஒரு கைபேசி குப்புறக் கிடந்தது. அதன் பேட்டரி உப்பிப்போயிருந்தது. மாற்றினால் பிழைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் சாயங்காலம் காயலான் கடை மூட்டைக்குள் போகவேண்டியதுதான். ஆனாலும் அது பயப்படவில்லை. வாங்கியவர்கள் பொருளைத் திறந்து பழுதுபார்க்கலாம் என்று சட்டம் வந்த பிறகு பிறந்த கைபேசியாயிற்றே அது!

"திருப்புளியண்ணே, சீக்கிரம் திறங்க, மூச்சு முட்டுது" என்றது.

திருப்புளி முட்டிமோதிப் பார்த்தது. மூடியைக் காவல்காத்த ஐந்து முனைத் திருகாணி அசைந்துகொடுக்கவே இல்லை.

"யோவ், சட்டம் வந்தாச்சு, வழி விடுய்யா!" என்று கத்தியது திருப்புளி.

"தாராளமா திறங்க, யாரு வேண்டாம்னது?" என்றது திருகாணி. "எங்க கம்பெனி சட்டத்துக்குக் கட்டுப்பட்ட கம்பெனி. எனக்குப் பொருந்துற திருப்புளியை ஒவ்வொரு போனோடவும் இலவசமாவே குடுக்குறாங்க."

"அடடா, தங்கமான மனுஷங்க! எங்கேய்யா அது?"

"தொலைஞ்சுபோயிடக் கூடாதுல்ல? அதான் உள்ளேயே பத்திரமா வச்சிருக்காங்க."

பிறந்த நாள் முதலாகத் தன் விலாவில் குத்திக்கொண்டே இருந்தது என்னவென்று கைபேசிக்கு அப்போதுதான் விளங்கியது.