கேப்டனுக்குப் புதுக் குரல்

படம் ஆரம்பிப்பதற்கு முன்பே அப்பாதுரை தாளில் 'மோசம்' என்று எழுதிவிட்டார்.

குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடைகளுக்கு மேலே நாற்பது பேர் உட்காரும் சின்னத் திரையரங்கு அது. 'விண்காவல்' விண்வெளிக் கதை வரிசையில் புதிதாக வரவிருக்கும் அனிமேஷன் காமெடித் தொடரின் முதல் பகுதியை, வெளியாவதற்கு ஒரு வாரம் முன்பே, தமிழில் ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அபிப்பிராயம் எழுத வாசலில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். நான்காவது கேள்வி, கேப்டன் டேரனின் குரல் எப்படி என்பது.

பதினோரு வருடமாக டேரனுக்குத் தமிழில் பேசியவர் அப்பாதுரை. போரில் உறுமியதும் செத்த வீரர்களுக்கு அஞ்சலி சொன்னதும் அவர்தான். புதுத் தொடரில் டேரன் பதினான்கு வயதுப் பையன், பயிற்சி விண்கலத்தில் எடுபிடி. அதற்கு இவர் குரல் வேண்டாம் என்பதை யாரும் கூப்பிட்டுச் சொல்லக்கூட இல்லை. தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது போனில் டிரெய்லர் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

மைத்துனன் ஜெபகுமாரின் பாஸில் வந்திருந்தார். சட்டையில் குத்தியிருந்த அட்டையிலும் அவன் பெயர்தான். இவர் முகம் யாருக்கும் தெரியாது, வாயைத் திறந்தால்தான் ஆபத்து.

பக்கத்து இருக்கையில் முப்பது வயதிருக்கும் ஒரு பெண். அட்டையில் ஈவ்லின் என்று இருந்தது. அவளும் நிலைகொள்ளாமல் இருந்தாள். கைப்பையின் ஜிப்பை இழுத்தாள், மூடினாள், ஃபிளாஸ்கிலிருந்து ஆவி பறக்கும் வெந்நீரை ஒரு வாய் குடித்தாள்.

விளக்கு அணைந்தது. டேரன் ஓடி வந்து கலத்தின் கதவில் மோதி, கதவிடமே மன்னிப்புக் கேட்டான். அரங்கம் சிரித்தது. அப்பாதுரைக்குப் பொறுக்கவில்லை. பதினோரு வருடம் கட்டிக் காத்த கேப்டனைக் கோமாளி ஆக்கிவிட்டார்களே.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஒவ்வொரு நகைச்சுவைக்கும் திரையை விட்டுவிட்டு, திரும்பித் திரும்பி ஜனங்களின் முகத்தைப் பார்த்தாள். அதுவேறு அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"படத்தைப் பாரும்மா," என்றார் அடித்தொண்டையில்.

"சாரி சார்." கொஞ்ச நேரம் கழித்து அவளே குனிந்து கேட்டாள். "பையன் எப்படி சார் பேசறான்?"

"மூக்கால பேசறான். ஜலதோஷம் புடிச்சவன் மாதிரி."

எந்த இடத்தில் என்று கேட்டாள். கதவுக் காட்சியிலும் சமையலறைக் காட்சியிலும் என்று சொன்னார். அவள் போனை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டாள்.

அவரால் உட்கார முடியவில்லை. கழிவறைக்குப் போவதுபோல் எழுந்து வெளியே வந்தார். கீழே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நகர்ந்தன. அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று இரண்டு படி இறங்கினார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் எழுந்து, சட்டென்று அடங்கியது. என்ன ஆயிற்று என்று தெரியாமல் போக மனம் வரவில்லை, திரும்பி வந்தார்.

திரையில் கலம் செயலிழந்து இருட்டில் மிதந்தது. பெரியவர்கள் எல்லோரும் மயங்கிக் கிடந்தார்கள். மேஜைக்கு அடியிலிருந்து எழுந்த டேரன் முதல் தடவையாக ஆணையிட வேண்டும். பையன் வாயைத் திறந்தான், உடனே பேசவில்லை. சின்னதாக ஒரு மூச்சு இழுத்து, அதைப் பாதியில் நிறுத்தி, பிறகு பேசினான்.

அப்பாதுரை இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அந்த மூச்சு அவருடையது. ஆஸ்துமாவை மறைப்பதற்காக அவர் பழகிக்கொண்டது, போகப் போக டேரனின் வழக்கமாகவே ஆகிவிட்டது. எவனோ ஒரு பையன் அதைக்கூட விடாமல் பிடித்திருக்கிறான். அதன் பிறகு வந்த நகைச்சுவைக்கு அவரும் சிரித்துவிட்டார், அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

விளக்கு எரிந்ததும் தாளை முழங்காலில் வைத்து வெகு நேரம் பார்த்தார். 'மோசம்' என்பதை அடித்துவிட்டு, 'இந்தப் பையன் வளர்ந்தால் அந்தக் கேப்டன்தான்' என்று எழுதினார். எழுதியபோது வலித்தது. ஆனாலும் பொய் எழுதக் கை வரவில்லை.

தாள்களை வரிசையாகக் கைமாற்றி முன்னால் அனுப்பினார்கள். அவருடையதை வாங்கிய ஈவ்லின் அடுத்த ஆளிடம் கொடுக்காமல் படித்தாள். மறுபடி படித்தாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

வழி விடச் சொல்லி அவர் எழுந்தார். அவள் நகரவில்லை. பிறகு மிக மெதுவாகச் சொன்னாள்.

"உங்க குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் பையனுக்கு நான் பேசினேன், அப்பாதுரை சார்."