செயின் கவர் சத்தம்

"அண்ணே, நீங்க போல்ட்டை முடுக்குறீங்களா, இல்ல முடுக்குற மாதிரி நடிக்கிறீங்களா?"

வண்டிக்கு ஸ்டாண்டு போடும் முன்பே கேட்டான் அந்தப் பையன். பையன் என்றால் சின்னவன் இல்லை. பார்சல் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே ஓடுகிற வண்டிகள் அத்தனையும் இந்த மெக்கானிக்கிடம்தான் சர்வீசுக்கு வருகின்றன. மெக்கானிக் வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான்.

இப்போது அவன் உருட்டிக்கொண்டு வந்தது கம்பெனி வண்டி இல்லை. அவன் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள். செயின் கவர் தகரம் கடகடவென்று ஆடியது.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான். ஒரே ஒரு போல்ட்டு! அதை நிக்க வைக்க உங்களால முடியல. கம்பெனி வண்டியெல்லாம் எந்த லட்சணத்துல இருக்கோ!"

மெக்கானிக் குனிந்து பார்த்தான். போன தடவை ஸ்பிரிங் வாஷர் போட்டு, மரையில் பசை விட்டு முடுக்கியிருந்தான். அது போதாதென்று போல்ட் தலையிலிருந்து கவர் வரைக்கும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடும் இழுத்திருந்தான். போல்ட் இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது தலையில் இருந்த பாதிக் கோடு ஒரு பக்கம் பார்த்தது. கவரில் இருந்த பாதி வேறு பக்கம் பார்த்தது. சண்டை போட்டுக்கொண்ட புருசன் பெண்டாட்டி மாதிரி.

"தம்பி, இது ஓட்டத்துல கழண்டது இல்ல. தலையில புதுக் கீறல் பாரு. யாரோ ஸ்பேனர் போட்டிருக்காங்க."

"ஆமா! திருடன் வர்றான், வண்டியை விட்டுட்டு ஒரு போல்ட்டை மட்டும் லூசாக்கிட்டுப் போறான். நல்லா இருக்குண்ணே கதை."

"உங்க அப்பா என்ன சொல்றாரு?"

"அவரா? தெருவே காதைப் பொத்துது, அவர் பாட்டுக்கு ஓட்டிட்டுப் போறாரு. அக்கா சொல்லாம கொள்ளாம கல்யாணம் பண்ணிட்டுப் போனதிலேருந்தே அப்படித்தான். 'இனி அவ முகத்துல முழிக்க மாட்டேன்'னு சத்தியம் பண்ணினாரு. அதோட எங்ககிட்டப் பேச்சும் போச்சு. எங்க வீட்டுல இப்ப வாயுள்ளது இந்த வண்டி ஒண்ணுதான்."

பிறகு குரலை இறக்கினான். "கடைசியாச் சொல்றேன்ணே. இன்னொரு வாட்டி இது கழண்டா, கம்பெனி வண்டி மொத்தமும் எதிர்க் கடைக்குப் போயிடும்."

எதிர்க் கடை! அங்கேதான் மெக்கானிக்குக்குப் பொறி தட்டியது. எதிரே புதிதாகக் கடை போட்டவன் இந்தப் பையனோடு ஒன்றாகப் படித்தவன். வேலையைப் பிடுங்கி அவனுக்குக் கொடுக்க ஒரு சாக்கு வேண்டுமே! கழற்றுவதும் இவனே, கத்துவதும் இவனே. சிரித்துப் பேசுகிறவன் எவனையும் நம்பக் கூடாது.

போல்ட்டை மறுபடி முடுக்கினான். புதுப் பசை. புதுக் கோடு. இந்தத் தடவை சிவப்பு.

மறுநாள் சாயங்காலம் கடையைச் சீக்கிரமே மூடினான். நேராக அவர்கள் வீட்டுத் தெருமுனைக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டான். அங்கிருந்து வீட்டு வாசல் தெரியும். பையனின் அப்பா வந்து வண்டியை நிறுத்துவார். மகன் வந்து அதில் கை வைப்பான். கையும் களவுமாகப் பிடித்துத் தெருவையே கூட்ட வேண்டும். கொசு பிடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

பெரியவர் வந்தார். வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. செயின் கவரில் ஒரு முனகல்கூட இல்லை. தன் வேலையை நினைத்து மெக்கானிக்குக்கே பெருமையாக இருந்தது.

ஆனால் வண்டி வீட்டுக்குப் போகவில்லை. தொட்டிக்கு முன்னால் எஞ்சின் அணைந்தது. பெரியவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குந்தினார்.

"யோவ் பெரியவரே!" மெக்கானிக் பாய்ந்து வந்தான். "நீங்கதானா அது? என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறீங்களே, நான் என்னய்யா பாவம் செஞ்சேன்? இருங்க, உங்க மகனுக்குப் போன் போடுறேன்."

"கத்தாதேய்யா. வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! உங்க யோக்கியதை தெரியட்டும்!"

பெரியவர் அவன் கையைப் பிடித்துத் தொட்டி மறைவுக்கு இழுத்தார். "உள்ளே என் பொண்ணு இருக்காய்யா. நானும் மகனும் வேலைக்குக் கிளம்பினதும் அவ அம்மாவைப் பாக்க வந்துடறா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்காங்க. இந்தக் கடகட சத்தம் கேட்டாத்தான் பின்வாசல் வழியா ஓடுவா. நீ முடுக்கி வச்ச வண்டியில நான் பூனை மாதிரி போய் நின்னா, நாளைக்கு அவ வருவாளா?"

மெக்கானிக் போனைப் பைக்குள் போட்டான். "ஹாரன் அடிக்க வேண்டியதுதானே?"

"அடிச்சா, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சிடாதா?"

மெக்கானிக் கம்பெனி வண்டிகளை நினைத்தான். எதிர்க் கடையை நினைத்தான். பெருமூச்சு விட்டபடி ஸ்பேனரைப் பிடுங்கித் தானே குந்தி, நேற்று இழுத்த சிவப்புக் கோட்டை உடைத்தான்.

"போதுமா?"

"இன்னும் ரெண்டு சுத்து கழட்டுப்பா," என்றார் பெரியவர். "நல்லா தூரத்துலயே கேக்கணும். பேரன் இப்பத்தான் நடக்கப் பழகியிருக்கான், தூக்கவும் விட மாட்டேங்கிறான்."